குடியை விட்டேன், மாத்திரையைப் பிடித்துக்கொண்டேன்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகரின் நீண்ட கடிதம் இது. சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பதினாறு வருடக் குடி. கடைசி ஐந்து வருடங்களில் காலையில் ஒரு மடக்கு உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலை. 14 மாதங்களுக்கு முன் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து வெளியே வந்தவர், அதன் பிறகு ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதத்தில் தூக்கமே வராமல் போக, வேறொரு மருத்துவரிடம் போயிருக்கிறார். குடிப்பழக்கம் இருந்ததைச் சொல்லவில்லை. அந்த மருத்துவர் இரண்டு வாரத்துக்கு லோராசெபாம் எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு வாரம் ஒரு வருடமாக நீண்டுவிட்டது. பழைய சீட்டைக் காட்டியே வாங்குகிறார். இரவுக்கு ஒன்று என்று இருந்தது இப்போது மூன்று, சில நாள் நான்கு. மாத்திரை போட்டும் தூக்கம் வராத இரவுகளில் கைப்பேசியில் பணம் கட்டிச் சீட்டு ஆடத் தொடங்கி, சேமிப்பில் பாதி கரைந்துவிட்டது. நாளுக்கு நாலைந்து என்றிருந்த சிகரெட் ஒரு பாக்கெட்டைத் தாண்டிவிட்டது.

போன வாரம் அவருடைய பையில் காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்த மனைவி, “புட்டிதான் மாறியிருக்கிறது, நீங்கள் மாறவில்லை” என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது வயது மகள், அப்பா குடியை விட்ட நாளிலிருந்து காலண்டரில் தினமும் ஒரு கோடு போட்டுவருகிறாள். அவர் கடிதம் எழுதிய அன்று 421-ஆவது கோடு.

அவருடைய கேள்விகள்: மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் போதைக் கணக்கில் வருமா? ஒன்றை விட்டால் இன்னொன்றைப் பிடிப்பதுதான் என் மூளையின் அமைப்பா? வருகிற சனிக்கிழமை எல்லா மாத்திரையையும் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு வாரம் விடுப்பு எடுத்துச் சமாளித்துவிடலாமா? “இதற்குக் குடியே மேல் என்று சில இரவு தோன்றுகிறது” என்றும் எழுதியிருக்கிறார். கடைசியாக, மகள் போடும் கோடுகள் பொய்யா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சனிக்கிழமை வேண்டாம்

தயவுசெய்து மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஒரு வருடம் தினமும் எடுத்த லோராசெபாமை ஒரேயடியாக நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே கடும் பதற்றம், வியர்வை, நடுக்கம் எல்லாம் தொடங்கிவிடும். வலிப்பு வரலாம். மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். உயிருக்கே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. குடியை நிறுத்திய நாட்களில் உங்களுக்கு வலிப்பு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் இப்போது ஆபத்து இன்னும் கூடுதல்.

மன உறுதி இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் இந்தத் திட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். 14 மாதம் குடிக்காமல் இருந்தவருக்கு மன உறுதியில் என்ன குறை? ஆனால் வலிப்பு மன உறுதியைப் பார்த்து வருவதில்லை. இந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். உடலில் நீண்ட நேரம் தங்கும் டயசெபாமுக்கு மாற்றி, அதைப் படிப்படியாக இறக்குவது ஒரு வழி. உங்களைப் போல் ஒரு வருடம் எடுத்தவருக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அவசரப்பட வேண்டாம். அதுவரை, இப்போது எடுக்கும் அளவைக் கூட்டாமல் வைத்திருங்கள்.

இன்னொன்று. “குடியே மேல்” என்று தோன்றும் இரவு ஏதாவது ஒன்றில் மூன்று மாத்திரையின் மேல் மது விழுந்தால், இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடும். தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். மது உங்களுக்கு இப்போது பழைய மதுவும் இல்லை. 14 மாதத்தில் அதைத் தாங்கும் பழக்கம் உங்கள் உடலிலிருந்து போய்விட்டது. அந்த எண்ணம் வரும் இரவில் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். மனைவியை எழுப்புங்கள்.

மருத்துவர் எழுதிய மாத்திரைதானே?

இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். சீட்டில் எழுதியிருப்பதால் அது மருந்து, அதனால் அது போதை ஆகாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது இரண்டு மடங்கு தவறு.

மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் மூளையை அமர்த்துவது அதன் வேலை. மது அதன் வேலையைத்தான் தூண்டிவிடுகிறது. லோராசெபாம், டயசெபாம், அல்பிரசோலாம் போன்ற பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளும் அதையேதான் செய்கின்றன. மறுவாழ்வு மையத்தில் முதல் வாரம் உங்களுக்கு இந்த வகை மாத்திரை ஒன்றைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்திருப்பார்கள். மது விட்ட இடத்தை இது தற்காலிகமாகத் தாங்கும், வலிப்பு வராமல் காக்கும் என்பதற்காகத்தான் அது. மதுவின் இடத்தில் உட்காரும் தகுதி இந்த மாத்திரைக்கு இருக்கிறது என்பது மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம். அதனால்தான் ஏழெட்டு நாளில் அதை நிறுத்திவிடுகிறார்கள். தூக்கத்துக்காகக் கொடுக்கும்போதும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதே பொதுவான அறிவுரை. தொடர்ந்து எடுத்தால் உடல் சார்ந்துவிடும், திடீரென்று விட்டால் ஆபத்து என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றிலும் கட்டம் கட்டி அச்சிட வைத்தது.

இதில் மருத்துவர்கள் பக்கத்துத் தவறும் உண்டு, பழைய தவறு. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டின் நண்பர் ஃபிளைஷ்ல்-மார்க்சோ என்ற உடலியல் அறிஞர், கை வலிக்காக மார்ஃபின் எடுத்து அதற்கு அடிமையானார். அதிலிருந்து மீட்க 1884-இல் ஃபிராய்டு அவருக்குக் கொக்கைன் கொடுத்தார். அப்போது அது புது மருந்து, நல்ல மருந்து என்று அவர் உண்மையாகவே நம்பினார். நண்பர் கடைசியில் இரண்டுக்கும் அடிமையாகி 1891-இல் இறந்துபோனார். ஒரு போதை விட்ட இடத்தில் இன்னொன்றை வைக்கும்போது என்ன நடக்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது. இன்று தெரியும். ஆனால் உங்களுக்கு மாத்திரை எழுதியவருக்கு உங்கள் குடி தெரியாதே.

அதற்காக உங்களைக் கடிந்துகொள்ளவில்லை. சொன்னால் முகம் மாறிவிடும், மரியாதை போய்விடும் என்ற பயத்தில் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். இனிமேல் பல் மருத்துவரானாலும் எலும்பு மருத்துவரானாலும் முதல் வரியிலேயே சொல்லுங்கள்: “நான் குடிநோயிலிருந்து மீண்டு வருகிறேன், பழக்கமாகிவிடும் மருந்து வேண்டாம்.” கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சொன்னால் வலிக்கு மருந்தே தரமாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். உங்களுக்கு வலி நிவாரணம் பெறும் உரிமை உண்டு. வேறு மருந்து தரலாம். அதே மருந்துதான் வேண்டுமென்றால் மூன்று நாளுக்கு மட்டும் எழுதி, அட்டையை மனைவியிடம் கொடுக்கச் சொல்லலாம். நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதியின்றி வெளியே பேசாமல் இருப்பது மருத்துவரின் கடமை.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒரு வார்த்தை. ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதையிலிருந்து மீள மருத்துவர் மேற்பார்வையில் புப்ரினார்ஃபின் அல்லது மெத்தடோன் எடுப்பவர்கள், “நானும் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்துவிட்டேன்” என்று இதைப் பார்த்துக் கலங்கி நிறுத்திவிட வேண்டாம். அது சிகிச்சை. அளவு நிலையாக இருக்கிறது, வாழ்க்கை நிமிர்கிறது, சாவு குறைகிறது. இந்த இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. இந்த நண்பரின் கதை வேறு. இவருக்கு அளவு ஏறிக்கொண்டே போகிறது, யாருக்கும் தெரியாமல்.

தலையெழுத்தா இது?

ஒரு போதையிலிருந்து மீளும்போது இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்வதை ‘கிராஸ் அடிக்ஷன்’ என்பார்கள். அப்படி ஒன்று இருக்கிறது, உங்களுக்கு நடந்தும் இருக்கிறது. ஆனால் ‘என் மூளை அப்படி, எதை விட்டாலும் இன்னொன்று வரும்’ என்று நீங்கள் போட்டிருக்கும் முடிவை என்னால் ஏற்க முடியாது.

அமெரிக்காவில் பெரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்றை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. போதைப்பொருள் பிரச்சினை இருந்தவர்களை மூன்று வருட இடைவெளியில் இரண்டு முறை விசாரித்த கணக்கு அது. முதல் போதையிலிருந்து மீண்டவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் புதிதாக இன்னொன்றில் விழுந்திருந்தார்கள். மீளாமல் தொடர்ந்தவர்களிலோ சுமார் 27 சதவீதம். அதாவது, ஒன்றை விட்டவருக்கு இன்னொன்று வரும் வாய்ப்பு, விடாதவருக்கு இருப்பதில் பாதிதான். ஒன்றை விடக் கற்றுக்கொண்டவருக்கு அந்தக் கல்வி மற்றதிலும் உதவுகிறது. குடிக்காத 421 நாட்கள் வீண் என்று நினைத்தீர்களானால், இந்த இரண்டு எண்களையும் மறுபடி பாருங்கள்.

அந்த 13 சதவீதத்தில் நீங்கள் ஏன் வந்தீர்கள்? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. குடிக்கத் தொடங்கிய காலத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “வேலை முடிந்து வந்தால் தலைக்குள் சத்தம் நிற்காது. இரண்டு மடக்கு போனால் அடங்கிவிடும்.” குடிக்கும் முன்பே உங்களிடம் ஒரு பதற்றம் இருந்திருக்கிறது. அதை மது பார்த்துக்கொண்டது. மதுவை அகற்றினோம். பதற்றத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த வேலைக்கு மாத்திரை வந்தது, மாத்திரை போதாத இரவில் சீட்டு வந்தது. உங்கள் மனைவி சொன்னதில் பாதி சரி, புட்டி மாறியிருக்கிறது. நீங்கள் மாறவில்லை என்பது சரியில்லை. சிகிச்சை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். அதற்கு நீங்கள் மட்டும் பொறுப்பில்லை. குடியை நிறுத்த வைத்து, கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிடும் பழக்கம் எங்கள் துறையில் இருக்கிறது. அடியில் இருக்கும் பதற்றநோயையும் மனச்சோர்வையும் தேடிப் பார்ப்பது சிகிச்சையின் பாதி. அதை விட்டுவிட்டு அனுப்பினால் இப்படித்தான் ஆகும்.

கைப்பேசிச் சீட்டு

மாத்திரையைவிட இதைச் சின்ன விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே எதையும் விழுங்காமலேயே வரும் அடிமைத்தனம் இது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய் வகைப்பாட்டைத் திருத்தியபோது, சூதாட்டக் கோளாறை மதுவும் ஹெராயினும் இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றியது. எப்போது ஜெயிப்போம் என்று தெரியாத அந்த நிலைதான் ‘இன்னும் வேண்டும்’ என்று தூண்டும் மூளையின் டோபமைன் அமைப்பை விடாமல் கிள்ளுகிறது. மயிரிழையில் தோற்ற ஆட்டம்கூட ‘அடுத்தது நமக்குத்தான்’ என்று இழுக்கும். விட்டதைப் பிடிக்கப் போய் மேலும் விடுவது இந்த நோயின் தனி அடையாளம். கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரைக்கு நேர்மாறாக, இதை இன்றே நிறுத்தலாம். உடலுக்கு ஆபத்து இல்லை. செயலியை நீக்குவதற்கு முன் உங்கள் கணக்கை நிரந்தரமாக முடக்கச் சொல்லிக் கோரிக்கை வையுங்கள், வெறுமனே நீக்கினால் இரவு ஒரு மணிக்குத் திரும்பவும் இறக்கிக்கொள்ள முடியும். வங்கிக் கணக்கையும் அட்டையையும் சில மாதங்களுக்கு மனைவி பொறுப்பில் விடுங்கள். எவ்வளவு போனது என்ற முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால், அந்த மீதியை ஈட்டத்தான் மறுபடி ஆட உட்காருவீர்கள். கடன் வாங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். உறவினர் யாராவது மொத்தமாக அடைத்துவிடுகிறேன் என்று முன்வந்தாலும் வேண்டாம் என்பேன். தவணையில் நீங்களே அடைப்பது நல்லது.

ஒன்றை நேராகவே கேட்கிறேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? சூதாட்ட நஷ்டத்தில் இருப்பவர்களுக்கு அது அதிகம் வருகிறது, கையெட்டும் இடத்தில் மாத்திரை வேறு இருக்கிறது. வந்தால், நேரம் பார்க்காமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வராவிட்டாலும் மாத்திரை மனைவியின் கையில் இருக்கட்டும். தினமும் அன்றைய அளவை மட்டும் அவர் எடுத்துத் தரட்டும்.

சிகரெட்டைப் பற்றி, “எல்லாவற்றையும் ஒரேயடியாக விடாதே, புகையாவது இருக்கட்டும்” என்று மையத்தில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நல்ல மனதோடு சொல்லியிருப்பார்கள். ஆனால் புகையையும் சேர்த்து நிறுத்தியவர்கள் குடியில் திரும்ப விழுவது கூடுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை 1935-இல் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன், அதன் பிறகு குடிக்கவே இல்லை. 1971-இல் அவர் இறந்தது புகையால் வந்த நுரையீரல் நோயில். இந்த மாதமே நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். மாத்திரை குறைப்பு ஓரளவு நிலைபெற்றதும் இதற்கும் உதவி கேளுங்கள்.

ஒன்பது மணிக்கு மேல்

இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, இந்த நான்கு மணி நேரத்தில்தான் உங்களுக்கு எல்லாமே நடக்கிறது. முன்பு பெரும்பாலும் குடித்ததும் அந்த நேரத்தில்தான். தூக்கத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நீண்ட காலம் குடித்தவருக்கு, நிறுத்திய பிறகும் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் தூக்கம் உடைந்துதான் இருக்கும். இரண்டாம் மாதத்தில் நீங்கள் தூங்காமல் கிடந்தது மூளை பழைய நிலைக்குத் திரும்பும் வழியில் வருகிற ஒன்று. அன்று இதை யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக இன்று பரிந்துரைக்கப்படுவது மாத்திரை இல்லாத ஒரு பயிற்சி, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ‘சிபிடி-ஐ’ என்று கேளுங்கள். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது, தூக்கம் கண்ணைச் செருகும்போது மட்டும் படுக்கைக்குப் போவது, இருபது நிமிடம் போல் புரண்டும் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் போய் உட்காருவது, பகலில் படுக்காமல் இருப்பது. கேட்க எளிது, முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பிடிபடும். மாத்திரையைக் குறைக்கும்போதே இதையும் தொடங்கினால் குறைப்பது சுலபமாகிறது. கைப்பேசி இரவில் வேறு அறையில் இருக்கட்டும்.

பதற்றத்துக்கு, பழக்கமாகாத மருந்துகளும் பேச்சுச் சிகிச்சையும் இருக்கின்றன. அதை உங்களை நேரில் பார்க்கும் மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இனிப் புதிதாக எதையாவது தொடங்கும்போதும் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வரும். ஓடத் தொடங்கினால்கூட ‘இதுவும் போதையாகிவிடுமோ’ என்று கேட்பீர்கள். மீண்டு வருபவர்கள் ஆரம்பத்தில் இனிப்பை அதிகம் சாப்பிடுவார்கள், தோட்டத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள். அதெல்லாம் நோயாகாது. நான் நோயாளிகளிடம் முதலில் கேட்பது: இதை வீட்டில் மறைக்கிறீர்களா? அடுத்து, ஒரு நாள் கிடைக்காவிட்டால் அந்த நாள் எப்படிப் போகிறது? ஓட்டத்துக்கு இரண்டு கேள்வியிலும் நல்ல பதில் வரும். உங்கள் மாத்திரை அட்டைகள் அலுவலகப் பையின் அடியில் இருந்தன.

சரி, இந்த வாரம் என்ன செய்வது? மாத்திரை அட்டைகளோடும் மனைவியோடும் முதலில் உங்களுக்குச் சிகிச்சை தந்த மையத்துக்கே போங்கள். வெட்கமாக இருந்தால் வேறொரு மனநல மருத்துவரிடம் போங்கள், ஆனால் 16 வருடக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை மாத்திரை என்பதில் ஒன்றைக்கூடக் குறைத்துச் சொல்ல வேண்டாம். அந்த எண்ணை வைத்துத்தான் குறைக்கும் அட்டவணையைப் போடுவார்கள்.

மகளின் காலண்டர் பற்றிக் கேட்டீர்கள். அவள் எண்ணுவது அப்பா குடிக்காத நாட்களை. அதில் ஒரு கோடுகூடப் பொய் இல்லை, அழிக்கச் சொல்லாதீர்கள். மாத்திரைக்கு மருத்துவர் தரும் அட்டவணையை அந்தக் காலண்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். என்ன இது என்று அவள் கேட்பாள். “அப்பாவுக்குத் தூக்கம் வராமல் ஒரு மாத்திரை சாப்பிட்டேன், அது அதிகமாகிப்போச்சு, டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார்” என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு அது புரியும். அதிலும் கோடு போட அவள் பேனாவோடு வந்து நின்றால், போடட்டும்.